முன்னொட்டு, பின்னொட்டு வழி ஆங்கிலச் சொல்வளம்: ஒரு மதிப்பீடு

ஆங்கிலச் சொற்களை அவற்றின் உறுப்புகளாகப் பிரித்து, அந்த உறுப்புகளின் பொருளை மனப்பாடம் செய்து, அதன்வழி புதிய சொற்களை அறிந்துகொள்ளும் முறை உலகெங்கும் பரவலாக உள்ளது. பள்ளி ஆங்கில வினாத்தாள்களிலும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் இது பெரும்பாலும் இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணையாகவே காணப்படும். இடப்பக்கம் 'அன்-', 'டிஸ்-', 'ரீ-', 'ப்ரீ-' போன்ற முன்னொட்டுகளும் '-நெஸ்', '-லெஸ்', '-ஃபுல்', '-மென்ட்' போன்ற பின்னொட்டுகளும் இருக்கும். வலப்பக்கம் அவற்றின் பொருள் இருக்கும். சில டஜன் உறுப்புகளைக் கற்றால் பல்லாயிரம் சொற்கள் தாமே வசப்படும் என்பது இம்முறையின் வாக்குறுதி.

இந்த வாக்குறுதியில் உண்மை உண்டு. ஆனால் அட்டவணை சொல்லை எங்கே வெட்டலாம் என்று மட்டுமே சொல்கிறது. எந்தச் சொல்லை வெட்டக்கூடாது என்று சொல்வதில்லை. நன்னூல் படித்த தமிழ் மாணவருக்கு இக்குறை எளிதில் விளங்கும். பகுபதத்தின் உறுப்புகளைக் கற்பிக்கும் அந்நூல், பகாப்பதம் என்று ஒன்று உண்டு என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறது. ஆங்கில அட்டவணைகளில் அந்த இரண்டாவது பாடம் அநேகமாக இல்லை.

ஆங்கிலத்தின் இரண்டு அடுக்குகள்

அட்டவணையில் ஒரே வரிசையில் நிற்கும் ஒட்டுகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. 'அன்-', '-நெஸ்', '-லெஸ்', '-ஃபுல்', '-ஹூட்', '-ஷிப்' ஆகியவை பழைய ஆங்கிலத்திலிருந்தே வருபவை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் புகுந்தன. மறுமலர்ச்சிக் காலத்திலும் அதன் பின்னரும் அறிஞர்கள் இலத்தீன், கிரேக்கச் சொற்களை நேரடியாகவே எடுத்துக்கொண்டனர். 'இன்-', 'ப்ரீ-', 'ரீ-', '-இட்டி', '-ஷன்' போன்றவை அவ்வழி வந்தவை.

இந்த வரலாறு வெறும் தகவல் அல்ல. பழைய ஆங்கில ஒட்டுகள் பெரும்பாலும் முழுச் சொல்லோடு சேர்கின்றன. 'ஹேப்பி' தனிச் சொல். 'அன்' சேர்ந்தால் எதிர்மறை, 'நெஸ்' சேர்ந்தால் பெயர்ச்சொல். ஒட்டை எடுத்துவிட்டாலும் எஞ்சுவது புழக்கத்தில் உள்ள சொல்லே. இலத்தீன் வழி வந்த பல சொற்கள் அப்படி அல்ல. 'ரிசீவ்', 'டிசீவ்' ஆகியவற்றில் முன்னொட்டை நீக்கினால் மிஞ்சும் 'சீவ்' என்பதற்கு ஆங்கிலத்தில் தனி வாழ்வு இல்லை. முதல் வகையில் உறுப்புகளைக் கூட்டினால் பொருள் கிடைக்கிறது. இரண்டாம் வகையில், சொல்லின் பொருளை ஏற்கெனவே அறிந்தவருக்கு மட்டுமே அதன் உறுப்புகள் பொருத்தமாகத் தோன்றுகின்றன.

நார்மன் லூயிஸின் நூல்

இம்முறையின் புகழ்பெற்ற நூல் அமெரிக்கரான நார்மன் லூயிஸ் எழுதி 1949இல் வெளிவந்த 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. 1978இல் விரிவாக்கப்பட்ட பதிப்பு வந்தது. இந்தியாவில் போட்டித் தேர்வுக்குப் படிப்போரிடையே இன்றும் செல்வாக்கு உள்ள நூல் இது. நடைபாதைப் புத்தகக் கடைகளிலும் கிடைக்கும்.

இந்நூலை வெறும் அட்டவணை நூல் என்று ஒதுக்க முடியாது. லூயிஸ் சொற்களைக் கருத்துவாரியாகக் குழுவாக்குகிறார். மனித இயல்புகள், மருத்துவர்கள், பொய்யர்கள், பேச்சுப் பழக்கங்கள் என்று இயல்கள் அமைகின்றன. ஒவ்வொரு குழுவிலும் முதலில் பொருளைச் சொல்லி, பிறகு வேரைக் காட்டி, அவ்வேரிலிருந்து கிளைக்கும் பிற சொற்களுக்குப் போகிறார். ஒரே சொல் பெயராகவும் பெயரடையாகவும் வினையாகவும் மாறும்போது எந்தப் பின்னொட்டு வருகிறது என்பதைத் தொடர்ந்து பயிற்சி மூலம் பதியவைக்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சரிப்பை அசை பிரித்து, அழுத்தம் விழும் அசையைப் பெரிய எழுத்தில் காட்டுகிறார். பின்வந்த வழிகாட்டிகள் பல இவரிடமிருந்து வேர்ப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டன. இந்தப் பயிற்சியையும் உச்சரிப்பையும் விட்டுவிட்டன.

ஒத்த தோற்றமுள்ள வேர்களைப் பிரித்துக் காட்டுவதிலும் லூயிஸ் கவனமானவர். குழந்தை மருத்துவரைக் குறிக்கும் 'பீடியாட்ரிஷன்' என்ற சொல்லின் வேர் குழந்தை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். மிதிகட்டையைக் குறிக்கும் 'பெடல்' என்பதன் வேரோ பாதம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். அமெரிக்க எழுத்துமுறையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால் அவர் விளக்க வேண்டியதாகிறது. இந்திய மாணவர் பழகிய பிரிட்டன் எழுத்துமுறையில் குழந்தை வேருக்கு 'பி, ஏ, ஈ, டி' என்றும் பாத வேருக்கு 'பி, ஈ, டி' என்றும் எழுதுவதால் வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. அமெரிக்கப் பதிப்பை அப்படியே படிக்கும் இந்திய மாணவர் தம்மிடம் ஏற்கெனவே உள்ள இந்த வசதியை இழக்கிறார் என்பது ஒரு வேடிக்கை.

நூலின் குறை வேறிடத்தில் இருக்கிறது. லூயிஸ் தம் முன் வைத்திருந்த வாசகர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, பள்ளி முடித்த அமெரிக்கர். அன்றாடச் சொற்களெல்லாம் அவருக்குத் தெரியும். நூல் அவற்றின் மேல் அரிய சொற்களை அடுக்குகிறது. மனித இயல்புகள் பற்றிய இயலிலேயே மனிதர்களை வெறுப்பவர், பெண்களை வெறுப்பவர், திருமணத்தை வெறுப்பவர் ஆகியோருக்குரிய மூன்று தனிச் சொற்கள் வருகின்றன. மூன்றாவதான 'மிஸாகமிஸ்ட்' என்ற சொல்லை ஒரு வாசகர் ஆண்டுக்கணக்கில் ஆங்கில நாளிதழ் படித்தாலும் சந்திக்காமல் போகலாம். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறிக் கடக்கும் மாணவருக்கு அந்தப் பத்தியில் தடையாக நிற்பவை 'டிஸ்மிஸ்', 'அமென்ட்', 'அலெஜ்' போன்ற சொற்கள். அவர் கையில் லூயிஸைக் கொடுத்து மூன்று மாதம் படிக்கச் சொல்வது, அடித்தளம் போடாத வீட்டுக்கு மாடிப்படி கட்டுவதற்கு ஒப்பாகும். இது லூயிஸின் பிழையன்று. நூலை வாசகர் யாரென்று பாராமல் பரிந்துரைப்பவர்களின் பிழை.

பதினான்கு சொற்களின் வாக்குறுதி

வாக்குறுதி எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்பதற்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரவுன் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முன்வைத்த பட்டியல் நல்ல சான்று. இருபது முன்னொட்டுகளும் பதினான்கு வேர்களும் அடங்கிய பதினான்கு 'தலைமைச் சொற்களை' அவர் தொகுத்தார். இவற்றின் உறுப்புகள் 14,000க்கும் மேற்பட்ட சொற்களுக்குத் திறவுகோல் என்றார். பெரிய அகராதியைக் கணக்கில் எடுத்தால் ஒரு இலட்சம் வரை போகும் என்றும் மதிப்பிட்டார்.

எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் அந்தப் பட்டியலின் சொற்களையே எடுத்துப் பார்க்கலாம். 'ப்ரீசெப்ட்' என்பதை 'முன்' என்றும் 'எடு' என்றும் பிரிக்க வேண்டும். ஆனால் அதன் பொருள் நன்னெறி அல்லது நடத்தை விதி. முன்னால் எடுப்பதிலிருந்து நன்னெறிக்குப் போக இலத்தீன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 'ஆஃபர்' என்பதில் முன்னொட்டு இருப்பதே வெளியில் தெரியாது. 'ஒப்-' என்ற இலத்தீன் முன்னொட்டின் இறுதி ஒலி அடுத்த ஒலியோடு கரைந்துபோயிருக்கிறது. தள்ளுபடி விளம்பரத்தில் நாள்தோறும் 'ஆஃபர்' என்ற சொல்லைக் கேட்கும் தமிழருக்கு அதைப் புரிந்துகொள்ள அந்த முன்னொட்டு தேவைப்படவும் இல்லை.

'14,000 சொற்களில் இவ்வுறுப்புகள் இருக்கின்றன' என்பது ஒரு கூற்று. 'இவ்வுறுப்புகளை அறிந்தால் 14,000 சொற்களின் பொருள் தெரியும்' என்பது வேறு கூற்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவுவதே இவ்வகை நூல்களின் வழக்கமான தாவல்.

வேர்களுக்கு இன்னொரு பயன் இருப்பதை மொழியியலாளர் மார்க் அரோனாஃப் 1976இல் வெளியிட்ட சொல்லாக்க நூலிலிருந்து அறியலாம். 'பெர்மிட்', 'அட்மிட்', 'சப்மிட்', 'டிரான்ஸ்மிட்' ஆகியவற்றில் வரும் 'மிட்' என்பதற்கு இன்றைய ஆங்கிலத்தில் பொதுவான பொருள் ஒன்றைக் காட்ட முடியாது. ஆனால் வடிவம் ஒழுங்காக மாறுகிறது: 'பெர்மிஷன்', 'அட்மிஷன்', 'சப்மிஷன்', 'டிரான்ஸ்மிஷன்'. அதுபோலவே 'ரிசீவ்' என்பது 'ரிசெப்ஷன்' ஆகும், 'டிசீவ்' என்பது 'டிசெப்ஷன்' ஆகும். அதாவது, இலத்தீன் வேர்கள் பொருளை ஊகிக்க உதவுவதைவிட, தெரிந்த வினையிலிருந்து பெயர்ச்சொல்லைச் சரியாக அமைக்கவும் எழுத்துக்கூட்டலை நினைவில் வைக்கவும் கூடுதலாக உதவுகின்றன. அட்டவணைகளில் இப்பயன் அரிதாகவே இடம்பெறுகிறது.

பகுபதமும் பகாப்பதமும்

'மிஸ்-' என்றால் தவறாக என்று கற்ற மாணவர் 'மிஸ்டர்' என்ற சொல்லில் தவறைத் தேடுவதில்லை. அச்சொல் அவருக்கு முன்பே தெரியும். சிக்கல் தெரியாத சொற்களில்தான். 'ரீசன்' என்பதில் 'ரீ-' இல்லை. 'டிசிப்ளின்' என்பதில் மறுப்பைக் குறிக்கும் 'டிஸ்-' இல்லை. மூலையைக் குறிக்கும் 'கார்னர்' சோளத்தைக் குறிக்கும் 'கார்ன்' என்பதிலிருந்து வரவில்லை. இவை பகாப்பதங்கள், அல்லது இன்றைய நிலையில் பகாப்பதங்களாகக் கொள்ளவேண்டியவை.

படிப்பவரின் மனம் தானாகவே வெட்டும் பழக்கம் உடையது. கேத்லீன் ராஸ்டில், மேத்யூ டேவிஸ், போரிஸ் நியூ ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. 'கிளீனர்' என்ற சொல்லை நொடியின் சிறு பகுதியளவு காட்டினால் அடுத்து வரும் 'கிளீன்' என்பதை வாசகர் விரைந்து அடையாளம் காண்கிறார். பொருள் தொடர்பே இல்லாத 'கார்னர்', 'கார்ன்' போன்ற இணைகளிலும் அதே விரைவு காணப்பட்டது. பின்னொட்டுப் போல ஒன்று தெரிந்தால் போதும், கண் வெட்டிவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் அடுத்த கணமே பொருளறிந்து திருத்திக்கொள்கிறார். கற்கும் மாணவரிடம் திருத்துவதற்கான அறிவு இன்னும் சேரவில்லை.

இஸ்ரேலிய ஆய்வாளர் பாட்டியா லாஃபர் இத்தகைய சொற்களை ஏமாற்றும் தெளிவு கொண்டவை என்று வகைப்படுத்தினார். வரைவுச் சுருக்கத்தைக் குறிக்கும் 'அவுட்லைன்' என்பதை வரிசைக்கு வெளியே என்றும், குறைபாடுகளைக் குறிக்கும் 'ஷார்ட்கமிங்ஸ்' என்பதைக் குறுகிய வருகைகள் என்றும், உரையாடலைக் குறிக்கும் 'டிஸ்கோர்ஸ்' என்பதைத் திசையற்றது என்றும் மாணவர்கள் பொருள்கொண்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார். இவற்றின் ஆபத்து தனித்தன்மை வாய்ந்தது. முற்றிலும் தெரியாத சொல்லைக் கண்டால் மாணவர் அகராதியைப் புரட்டுவார். தெரிந்ததாகத் தோன்றும் சொல்லுக்குப் புரட்டமாட்டார். தவறான பொருளை வைத்துக்கொண்டு, அதற்கேற்ப வாக்கியத்தின் மற்றப் பகுதிகளையும் வளைத்துக்கொண்டு மேலே படிப்பார்.

மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறத்திலேயே உள்ளது. அங்கே எழுதப்படும் 'இன்ஃபிளேமபிள்' என்ற சொல் எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள்படும். 'இன்-' என்றால் இல்லை என்று மட்டும் கற்றவர் அதைத் தீப்பற்றாதது என்று வாசிப்பார். இச்சொல்லில் உள்ள 'இன்-' மறுப்பைக் குறிப்பது அன்று, உள்ளே என்று பொருள்படும் வேறொரு முன்னொட்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே குழம்பக்கூடும் என்பதால் 20ஆம் நூற்றாண்டில் தீப்பாதுகாப்பு அமைப்புகள் 'ஃபிளேமபிள்' என்ற சொல்லை வலியுறுத்தத் தொடங்கின. இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே.

'-லெஸ்' என்ற பின்னொட்டும் இப்படிப்பட்டதே. 'வொர்த்லெஸ்' மதிப்பற்றது. 'பிரைஸ்லெஸ்' விலைமதிக்க முடியாதது. இதை விளக்கத் தமிழிலேயே நல்ல இணை இருக்கிறது: 'மதிப்பற்ற' என்பதும் 'விலைமதிப்பற்ற' என்பதும் ஒரே 'அற்ற' கொண்டு எதிரெதிர்ப் பொருள் தருகின்றன. தமிழ் பேசும் எவரும் இவ்விரண்டையும் குழப்புவதில்லை. ஏனெனில் 'அற்ற' என்ற உறுப்பின் வழியாக அவர் அச்சொற்களைக் கற்கவில்லை, வாக்கியங்களின் வழியாகவே கற்றார்.

தமிழ் மாணவருக்கு உரிய எளிமையும் இடரும்

தமிழ் பின்னொட்டு மொழி. பகுதி முதலில் நிற்கும், மற்ற உறுப்புகள் பின்னால் வந்து சேரும். அதனால் ஆங்கிலப் பின்னொட்டுகள் தமிழ் மாணவருக்குக் கருத்தளவில் புதியவை அல்ல. முன்னொட்டு வேறு கதை. சுட்டெழுத்தும் வினாவெழுத்தும் தவிர, தமிழில் சொல்லின் முன் வந்து பொருளை மாற்றும் உறுப்புகள் பெரும்பாலும் வடமொழிச் சொற்களோடு வந்தவை: அநீதி, அனாவசியம், அவமரியாதை, துர்நாற்றம். எதிர்மறையைத் தமிழர் சொல்லின் பிற்பகுதியில் எதிர்பார்க்கிறார். 'தவிர்க்க முடியாத' என்பதில் மறுப்பு கடைசியில் நிற்கிறது. அதே பொருளுடைய 'அன்அவாய்டபிள்' என்பதில் மறுப்பு முதலிலேயே வந்துவிடுகிறது. விரைந்து வாசிக்கும்போது தமிழ் மாணவர் 'அன்-' என்பதைத் தவறவிடுவதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகலாம்.

அநீதியில் உள்ள 'அ'வும் அனாவசியத்தில் உள்ள 'அன்'னும் ஆங்கில 'அன்-', இலத்தீன் 'இன்-', கிரேக்க 'அ-' ஆகியவற்றின் உறவுகளே. இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே பழைய மறுப்புச் சொல்லிலிருந்து இவை கிளைத்தன. அநீதியை அறிந்த மாணவருக்கு இவ்வகை முன்னொட்டைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இன்னொரு எளிமை புணர்ச்சியில் இருக்கிறது. 'இன்-' என்ற முன்னொட்டு 'பாசிபிள்' முன் 'இம்' ஆகிறது, 'லீகல்' முன் 'இல்' ஆகிறது, 'ரெகுலர்' முன் 'இர்' ஆகிறது. வழிகாட்டி நூல்கள் இவற்றை நான்கு தனி முன்னொட்டுகளாக அச்சிட்டு நான்கையும் மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்' ஆவது ஏன் என்று அறிந்த மாணவருக்கு இது தேவையற்ற சுமை. வருமொழியின் முதல் ஒலிக்கேற்ப நிலைமொழியின் இறுதி மெய் மாறுகிறது, அவ்வளவே. ஆங்கிலப் பாடத்தில் இதைப் புணர்ச்சி என்று சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

அழுத்தம் மட்டும் உண்மையான இடர். தமிழில் அசையழுத்தம் சொல்லின் பொருளையோ வடிவத்தையோ வேறுபடுத்துவதில்லை. ஆங்கிலத்தில் '-நெஸ்', '-லெஸ்', '-ஃபுல்' சேர்ந்தால் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். '-இக்', '-இட்டி', '-ஷன்' சேர்ந்தால் நகரும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசைக்குப் போகிறது. அட்டவணையைப் பார்த்து மட்டும் படித்தவர் சொல்லை எழுத்தில் அறிவார், காதில் விழும்போது தவறவிடுவார்.

புதிய சொல் ஆக்குவதில் உள்ள தடை

ஒட்டுகளை அறிந்ததால் சொற்களை உருவாக்கவும் முடியும் என்ற நம்பிக்கை இயல்பாக எழுகிறது. 'அன்ஹேப்பி' இருப்பதால் 'அன்சேட்' இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆங்கிலத்தில் அது இல்லை. 'அன்-' பெரும்பாலும் நல்ல பொருளுடைய பெயரடையோடு சேர்ந்து அதை மறுக்கிறது, தீய பொருளுடையவற்றோடு அரிதாகவே சேர்கிறது. இந்த விதியைச் சொல்லும் பள்ளி அட்டவணை அரிது. 'அன்-' ஒன்றல்ல என்பதும் சொல்லப்படுவதில்லை. பெயரடையின் முன் வருவது மறுப்பு, வினையின் முன் வருவது செய்ததைத் திருப்புதல். அதனால்தான் 'அன்லாக்கபிள்' என்ற ஒரே சொல் பூட்ட முடியாதது என்றும் பூட்டைத் திறக்கக்கூடியது என்றும் இரு பொருள்படுகிறது.

இந்திய அலுவலகங்களில் பரவலான 'அப்டேஷன்' இத்தகைய ஆக்கம். 'கிரியேட்', 'கிரியேஷன்' என்ற இணையைப் பார்த்து 'அப்டேட்' என்பதிலும் '-ஏட்' என்ற வினை விகுதி இருப்பதாக எண்ணி 'அப்டேஷன்' அமைத்துவிட்டார்கள். அங்கே இருப்பது 'அப்' என்பதும் நாளைக் குறிக்கும் 'டேட்' என்பதும்தான். 'டேட்' இங்கே பகாப்பதம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'அப்டேட்' என்பதே பெயர்ச்சொல்லாகவும் வழங்குகிறது. ஒரு விண்ணப்பக் கடிதத்தில் இச்சொல் வந்தால் அயல்நாட்டு வாசகர் புருவம் உயர்த்தக்கூடும்.

'ப்ரீபோன்' அதே வழியில் பிறந்தும் வேறு விதியைச் சந்தித்தது. தள்ளிவைப்பதைக் குறிக்கும் 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிராக, முன்கூட்டி வைப்பதைக் குறிக்க இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றியது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் அதை ஏற்றிருக்கிறது. அதற்கு ஈடான ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் இல்லாததால் நின்றுவிட்டது எனலாம். 'அப்டேஷன்' நிற்குமிடத்தில் ஏற்கெனவே வேறொரு சொல் உட்கார்ந்திருக்கிறது.

எவற்றைக் கற்பது

அட்டவணையின் நீளமே மாணவரை ஏமாற்றுகிறது. ஒயிட், சோவெல், யானகிஹாரா ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் முன்னொட்டுடன் வரும் சொற்களில் 97 விழுக்காட்டை இருபது முன்னொட்டுகளே அடக்கிவிடுகின்றன. 'அன்-', 'ரீ-', மறுப்புப் பொருளுள்ள 'இன்-', 'டிஸ்-' ஆகிய நான்கு மட்டுமே 58 விழுக்காடு. அறுபது, எழுபது முன்னொட்டுகளைப் பட்டியலிடும் வழிகாட்டியில் இந்த நான்கும் மற்றவற்றோடு ஒரே அளவு இடத்தையே பெறுகின்றன.

லாரி பாவரும் பால் நேஷனும் 1993இல் ஒட்டுகளை ஏழு படிகளாக வரிசைப்படுத்தினார்கள். எத்தனை சொற்களில் வருகிறது, எவ்வளவு ஒழுங்காகச் சேர்கிறது, பொருள் எவ்வளவு ஊகிக்கத்தக்கது போன்றவை அளவுகோல்கள். பன்மை, காலம் காட்டும் விகுதிகளுக்கு அடுத்த படியில் '-ஏபிள்', '-எர்', '-லெஸ்', '-லி', '-நெஸ்', 'அன்-', 'நான்-' ஆகியவை வருகின்றன. வேர் தனிச் சொல்லாக நிற்காத இலத்தீன், கிரேக்க அமைப்புகள் கடைசிப் படிக்குப் போகின்றன. நம் வழிகாட்டிகள் பலவும் தொடங்குவது அந்தக் கடைசிப் படியிலிருந்துதான். கிரேக்க வேர்கள் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கின்றன, விலை போட்டு விற்கவும் உதவுகின்றன.

அறிவியல், மருத்துவம் படிப்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசை மாறும். '-ஐடிஸ்' என்றால் அழற்சி, '-எக்டமி' என்றால் வெட்டி நீக்குதல் என்பன போன்ற உறுப்புகளைக் கொண்டே மருத்துவத்துறை தன் சொற்களை இன்றும் உருவாக்குகிறது. அங்கே பிரித்தால் பொருள் பெரும்பாலும் சரியாகவே வரும். செவிலியர் படிப்பில் சேர்ந்த முதலாண்டு மாணவி 'அப்பெண்டிசைடிஸ்', 'அப்பெண்டெக்டமி' என்ற இரண்டையும் வேறுபடுத்திக்கொள்ள இதைவிட விரைவான வழி இல்லை.

பொது ஆங்கிலம் கற்பவருக்கு அட்டவணையில் மூன்றாவது நெடுவரிசை ஒன்று வேண்டும். ஒவ்வோர் ஒட்டுக்கும் எதிரே, அதைப்போலத் தோன்றியும் அது இல்லாத இரண்டு சொற்களும், அது இருந்தும் பொருள் மாறிப்போன ஒரு சொல்லும், ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்தோடு அங்கே இடம்பெறலாம். 'இன்-' என்பதற்கு நேரே டேங்கர் லாரியின் சொல் இருக்கும். அதற்கு அச்சில் இன்னும் நான்கு பக்கம் கூடுதலாகத் தேவைப்படும்.